எரிவாயுச் சிலிண்டரும் நாமும்

(பன்னிரண்டாம் வகுப்பு மனையியல், வேதியியல் மாணவியர்)



சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு நாள் விடியற்காலை, மணி நாலரை இருக்கும். நம் விடுதிச் சமையலறையைத் திறக்க வந்த சமையல் அக்கா கதவை ஒரு சாண் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். உள்ளேயிருந்து அழுகிய முட்டையின் வாடை முகத்தில் அறைந்தது. பின்னாலேயே கையில் செல்போன் வெளிச்சத்துடன் வந்த சிஸ்டர், வழக்கம்போல் கதவோரச் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். "யம்மா, லைட்டைத் தொடாதீங்க சிஸ்டர்! போனை அங்கனயே வச்சிட்டு வாங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் மாடியில் படித்துக்கொண்டிருந்த எங்களில் இருவர் எழுந்து ஓடிவந்தோம்.

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருட்டிலேயே உள்ளே போனார். பழகிய கை தடவித் தடவி ரெகுலேட்டரைக் கண்டுபிடித்து மூடியது. பின் இரண்டு கதவுகளையும் நான்கு சன்னல்களையும் திறந்தார். எங்களை முற்றத்துக்கு அனுப்பினார். மாடியில் உறங்கிக்கொண்டிருந்த தோழியர் அனைவரும் வெளிப்படிக்கட்டு வழியாக ஓசையின்றி இறக்கப்பட்டனர். ஒரு மணி நேரம் கழித்து, வாடை முழுதும் போன பிறகுதான் விளக்கு எரிந்தது. அடுப்பின் பின்புறம் ரப்பர் குழாயில் எலி கடித்த இடம், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஓட்டை. இரவு படுக்கும்போது ரெகுலேட்டரை மூட மறந்திருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது.

"ஏன் அக்கா விளக்கைப் போடக் கூடாது?" என்று கேட்டோம். "போடக் கூடாதுன்னா போடக் கூடாது. எங்க அம்மா சொன்னாங்க" என்றார். அந்த ஒரு சொல்லால் அன்று நாங்கள் பிழைத்தோம் என்றாலும், காரணம் தெரியாத விதியை அடுத்தவள் எத்தனை நாள் காப்பாள்? "நீங்களே கண்டுபிடித்து மலரில் எழுதுங்கள்" என்று எங்கள் ஆசிரியை பணித்தார். எழுதுகிறோம்.

முதலில் சிலிண்டருக்குள் இருப்பது என்ன? வாயு என்று சொல்கிறோமே தவிர உள்ளே இருப்பதில் பெரும்பகுதி நீர்மம்தான். புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டின் கலவை. புரோப்பேன் சுழிக்கு 42 டிகிரி கீழேயே கொதிப்பது. பியூட்டேன் ஏறக்குறைய சுழியில் கொதிப்பது. நம் ஊர் வெப்பத்தில் இவற்றை நீர்மமாக வைத்திருக்க வேண்டுமானால் கனத்த எஃகுப் பாத்திரத்தில் அழுத்தி அடைத்தாக வேண்டும். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. அதன் கொள்ளளவு 33 லிட்டருக்குச் சற்று மேல். அதில் ஐந்தில் நான்கு பங்குதான் நிரப்புகிறார்கள். மீதி இடம் வெறுமையாக இருப்பது கஞ்சத்தனத்தால் அன்று. வெயிலில் நீர்மம் விரியும்போது அதற்கு இடம் வேண்டுமல்லவா?

இந்த நீர்மம் ஒரு லிட்டர் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாகிறது. அந்த வாயு காற்றோடு கலந்து, நூறு பங்கில் சுமார் 2 முதல் 9 பங்கு வரை இருக்கும்போது ஒரு பொறி கிடைத்தால் வெடிக்கும். எங்களில் கணக்கில் கெட்டிக்காரியான ஒருத்தி கரும்பலகையில் போட்டுக் காட்டினாள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 மீட்டர் உள்ள சமையலறையின் கன அளவு 27,000 லிட்டர். அதில் நூற்றுக்கு 2 என்றால் 540 லிட்டர் வாயு. அதற்கு வேண்டிய நீர்மம் சுமார் இரண்டு லிட்டர். எடையில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஒரு முழுச் சிலிண்டரின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! இதுவும் வாயு அறை முழுதும் சமமாகப் பரவினால்தான். உண்மையில் அது அப்படிப் பரவுவதில்லை. அதைத்தான் அடுத்துப் பார்த்தோம்.

ஒரு சாய்ந்த தகரத் தட்டில் ஐந்து மெழுகுவர்த்திகளை வரிசையாக ஏற்றினோம். ஒரு கூஜாவில் சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து கரியமில வாயு உண்டாக்கினோம். பிறகு கூஜாவைச் சாய்த்து, நீரை ஊற்றுவதுபோல் வாயுவை மட்டும் தட்டின் மேல்முனையில் ஊற்றினோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மெழுகுவர்த்திகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய் அணைந்தன! பார்த்துக்கொண்டிருந்த ஆறாம் வகுப்புச் சிறுமிகள் கைதட்டினார்கள். கரியமில வாயுவின் மூலக்கூறு எடை 44. புரோப்பேனுக்கும் அதே 44. பியூட்டேனுக்கு 58. காற்றுக்கோ ஏறத்தாழ 29தான். ஆக, சமையல் வாயு கசிந்தால் புகைபோல் மேலே போகாது. தண்ணீரைப்போல் தரையில் வழிந்து, பள்ளம் தேடி, கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்கும் போகும். நாம் நின்று முகரும் உயரத்தில் இலேசான வாடையாக இருக்கும்போதே, கணுக்கால் அருகே வெடிக்கும் அளவு சேர்ந்திருக்கலாம்.

சிலிண்டரைப் பள்ளமான இடத்திலும், அடியில் காற்றுத் துளை இல்லாத மூடிய அலமாரியிலும் வைக்கக் கூடாது என்பதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? மேல் சன்னல் மட்டும் இருந்தால் போதாது. தரையோடு தரையாகவும் ஒரு வழி வேண்டும். பூரான் வருகிறதென்று தரையோரத் துளைகளைத் துணியால் அடைத்து வைத்திருக்கும் தாய்மார்கள் அன்புகூர்ந்து வலைக்கம்பி அடித்துக்கொள்ளுங்கள். அதே காரணத்தால்தான் கசிவின்போது சன்னலை மட்டுமன்றிக் கதவையும் விரியத் திறக்கவேண்டும்.

இனி அந்தச் சுவிட்ச். சுவிட்சைப் போடும்போதும் சரி, அணைக்கும்போதும் சரி, உள்ளே உலோகம் உலோகத்தைத் தொட்டு விலகும் நொடியில் ஒரு சிறு பொறி பறக்கிறது. இருட்டில் கவனித்தால் சில சுவிட்சுகளில் கண்ணாலேயே காணலாம். வாயு நிறைந்த அறையில் அந்தப் பொறி போதும். "விளக்கைப் போடாதே" என்பதைப் போலவே "எரிகிற விளக்கை அணைக்காதே" என்பதும் விதி. புகை போக்கும் மின்விசிறியைப் போட்டு வாயுவை வெளியேற்றலாம் என்று எங்களில் சிலர் நினைத்தோம். அது மிகப் பெரிய தவறு. அந்த விசிறிக்கும் சுவிட்சும் மோட்டாரும் உண்டு. அழைப்பு மணியும் அப்படியே. செல்போனை வெளியே வந்த பிறகே எடுக்கவேண்டும். ஃப்ரிட்ஜ் யாரும் தொடாமலே தானாக ஓடி நிற்கும்; அப்போதும் பொறி உண்டு. நம் விடுதியில் ஃப்ரிட்ஜ் அடுத்த சாமான் அறையில் இருந்தது. இடையில் கதவு சாத்தியிருந்தது. அந்தக் கதவு திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் இன்றும் பேசிக்கொள்வது உண்டு.

அந்த நாற்றத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சமையல் வாயுவுக்கு இயற்கையில் மணம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. நாம் முகர்வது, வேண்டுமென்றே அதில் கலக்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்ற பொருளின் வாடை. வெடிக்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு வாயு இருக்கும்போதே மூக்குக்குத் தெரியும்படி அதைக் கலக்கிறார்கள். இந்த வழக்கம் எரிவாயு உலகில் கட்டாயமானதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்தின் கதை இருக்கிறது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற சிற்றூர். எண்ணெய்க் கிணறுகளால் செல்வம் கொழித்த ஊர். பள்ளியும் செல்வப் பள்ளியே. ஆனாலும் செலவைக் குறைக்க, எண்ணெய் வயல்களில் வீணாகப் போகும் இயற்கை எரிவாயுவைக் குழாயில் இழுத்துப் பள்ளியைச் சூடாக்கப் பயன்படுத்தினார்கள். அதற்கு மணம் இல்லை. கட்டடத்தின் அடியில் இருந்த வெற்றிடத்தில் அது கசிந்து சேர்ந்தது. பிள்ளைகள் தலைவலிக்கிறது என்றார்கள். யாருக்கும் காரணம் தோன்றவில்லை. 1937 மார்ச் 18 அன்று பிற்பகல், பள்ளி விடும் நேரம் நெருங்கியபோது, தொழிற்கல்வி அறையில் மரம் இழைக்கும் மின்கருவி ஒன்று இயக்கப்பட்டது. ஒரு சுவிட்ச்! கட்டடம் தூக்கி எறியப்பட்டது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதே ஆண்டில் டெக்சாஸ் சட்டமன்றம் எரிவாயுவில் நாற்றப்பொருள் கலக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. மற்ற இடங்களும் பின்பற்றின. இதைப் படித்த அன்று எங்கள் வகுப்பில் வெகுநேரம் யாரும் பேசவில்லை.

ஒரு எச்சரிக்கை. மூக்கு பழகிப்போகும். வாடை உள்ள இடத்திலேயே சிறிது நேரம் இருந்தால் வாடை போய்விட்டதுபோல் தோன்றும்; போயிராது. சளி பிடித்தவர்களுக்கும் வயது முதிர்ந்தவர்களுக்கும் முதலிலேயே தெரியாது. பாட்டி "ஒண்ணும் வாடை வரலியே" என்று சொன்னால், வெளியிலிருந்து வந்த ஒருவரை முகரச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் இந்த எரிபொருள் 1955-இல் மும்பையில் விற்பனைக்கு வந்தது. இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இண்டேன் 1965-இல் கொல்கத்தாவில் முதல் இணைப்பைக் கொடுத்தது. நீண்ட காலம் இது நகரத்து வசதியுள்ளோர் பொருளாகவே இருந்தது. தமிழகத்தில் 2007 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பும் அடுப்பும் வழங்கப்பட்டன. 2016 மே மாதம் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. விறகுப் புகையில் கண் எரிந்த எத்தனையோ தாய்மார்களுக்கு இது விடுதலை. அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விறகடுப்போடு வாழ்ந்த பழக்கங்கள் பலவும் புது அடுப்போடு கூடவே வந்துவிட்டன. கேஸ் அடுப்பின் பக்கத்திலேயே மண்ணெண்ணெய் விளக்கு, விறகடுப்பு என்று வைத்திருக்கும் வீடுகளை எங்கள் ஊர்களில் இன்றும் காண்கிறோம்.

சிலிண்டர் வீட்டுக்கு வரும்போது என்ன பார்க்கவேண்டும்? மேலே கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உட்புறம் ஒரு எழுத்தும் எண்ணும் இருக்கும். 'ஏ' என்றால் மார்ச்சு வரை, 'பி' ஜூன், 'சி' செப்டம்பர், 'டி' டிசம்பர். எண் ஆண்டைக் குறிக்கும். 'பி 29' என்று இருந்தால் அந்தச் சிலிண்டரை 2029 ஜூனுக்குள் மறுபடியும் அழுத்தச் சோதனைக்கு அனுப்பவேண்டும் என்பது பொருள். புதுச் சிலிண்டருக்குப் பத்தாண்டில் முதல் சோதனை, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. பலர் நினைப்பதுபோல் இது வாயு கெட்டுப்போகும் நாள் அன்று, வாயு கெடுவதில்லை. நாள் கடந்த சிலிண்டரை வாங்க மறுக்க நமக்கு உரிமை உண்டு.

முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எடை போடச் சொல்லுங்கள். சிலிண்டரின் மேலேயே வெற்று எடை பொறித்திருக்கும், அதோடு 14.2 கிலோவைக் கூட்டினால் இருக்கவேண்டிய எடை. எங்களுள் ஒருத்தி தன் வீட்டில் இப்படிக் கேட்டபோது கொண்டுவந்தவர் சிரித்துவிட்டு, சிலிண்டரைப் படிக்கட்டில் தட தடவென்று உருட்டிக்கொண்டு போனாராம். அவள் விடவில்லை. அடுத்த மாதம் தராசுக் கொக்கியோடு வந்தார். உருட்டுவது, பக்கவாட்டில் படுக்கவைத்து இழுப்பது, மேலிருந்து போடுவது எல்லாமே வால்வைக் கெடுக்கும் செயல்கள்.

மூடியைத் திறந்ததும் வால்வின் உள்ளே கறுப்பு ரப்பர் வளையம் ஒழுங்காக இருக்கிறதா, சோப்பு நீர் விட்டால் குமிழி வருகிறதா என்று கொண்டுவந்தவரையே பார்த்துக் காட்டச் சொல்லுங்கள். தீக்குச்சியைக் காட்டிக் கசிவு பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! நைலான் கயிற்றில் கட்டிய அந்தச் சிறு பிளாஸ்டிக் மூடியைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுவோர் ஏராளம். வால்வே கசியும்போது, அந்த மூடியை மேலே வைத்து 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினால் வாயு நின்றுவிடும். ஆகவே அது சிலிண்டரோடேயே இருக்கட்டும்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கவேண்டும். அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்கவேண்டும். வாயு தீரும் நேரத்தில் இன்னும் நாலு தோசை சுட்டுவிடலாம் என்று சிலிண்டரைப் படுக்கவைப்பதும், வெந்நீர் அண்டாவில் நிறுத்துவதும் நம் வீடுகளில் சாதாரணம். (எங்கள் பாட்டிமார் பலர் இதில் வல்லவர்கள், அவர்கள் கோபிக்கக் கூடாது.) படுக்கவைத்தால் வாயுவுக்குப் பதில் நீர்மமே குழாயில் வந்துவிடும். ஒன்றுக்கு 250 மடங்காக விரியும் நீர்மம் அடுப்பில் வந்தால் சுடர் முகத்துக்கு எழும். வெந்நீரில் வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். நாலு தோசைக்கு இது அதிக விலை.

ரப்பர் குழாய்தான் நம் விடுதியை ஏமாற்றியது. எஃகுக் கம்பி வலை உள்ள ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' குழாயை எலி எளிதில் கடிக்க முடியாது. அதையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். குழாய்க்கு அழகாகத் துணி உறை தைத்துப் போடுகிறோமே, அது வெடிப்பை மறைப்பதற்கு மட்டுமே உதவும். குழாய் அடுப்பின் அடியிலோ சூடான இடத்தின் மேலோ போகக் கூடாது. இரவில் அடுப்புத் திருகை மட்டும் மூடினால் போதாது. ரெகுலேட்டரையும் மூடினால்தான் குழாயில் அழுத்தம் இராது. அன்று அது மூடியிருந்தால் எலியின் வேலை எங்களுக்கு ஒரு குழாய்ச் செலவோடு போயிருக்கும்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் புத்தகம் எடுக்கப் போகும் தோழியரே! பால் பொங்கிச் சுடரை அணைத்துவிட்டால் திருகு திறந்தே இருக்கும். தீயைப் பற்றவைக்கும்போது முதலில் தீக்குச்சி அல்லது லைட்டர், பிறகுதான் திருகு. நைலான் தாவணியும், தொங்கும் துப்பட்டாவும் அடுப்பங்கரைக்கு ஆகா. நைலான் எரிவதோடு நில்லாமல் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

கேஸ் கீசர் வைத்திருப்போருக்கு ஒரு சொல்: காற்றுப் போகாத குளியலறையில் அதை வைத்தால், குறையாக எரியும் வாயுவிலிருந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு மணமும் இல்லை, எரிச்சலும் இல்லை. கீசர் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்.

தீப்பிடித்துவிட்டால்? சுடர் குழாய் வழியே உள்ளே போய்ச் சிலிண்டரை வெடிக்கவைக்கும் என்று பலரும் அஞ்சி ஓடுகிறார்கள். உள்ளே காற்று இல்லாததால் சுடர் உள்ளே போக முடியாது. சிலிண்டர் வெடிப்பது பெரும்பாலும் வெளியிலுள்ள தீ அதை நெடுநேரம் சூடாக்கும்போதுதான். ஆகவே குழாய் முனையில் சிறு தீ என்றால், கை எட்டுமானால் ரெகுலேட்டரை மூடலாம். நனைத்த சாக்கையோ கம்பளியையோ மேலே போர்த்தலாம். எட்டாவிட்டால் வீரம் வேண்டாம். எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 101-ஐ அழையுங்கள். தீயில்லாமல் கசிவு மட்டும் என்றால் 1906. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

தீப்புண்ணுக்கு மை, தோசை மாவு, பற்பசை, முட்டை என்று நம் வீடுகளில் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். எதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட்டுப் புண்ணைக் குளிரவைத்து, சுத்தமான துணியால் தளர மூடி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது; கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

இப்போது நம் விடுதியில் சிலிண்டர்கள் சமையலறைக்கு வெளியே, கம்பி வலையிட்ட நிழற்கூரையின் கீழ் நிற்கின்றன. குழாய்கள் மாற்றப்பட்டன. இரவு ஒன்பதுக்கு ரெகுலேட்டரை மூடிவிட்டு அட்டையில் கையெழுத்திடும் முறை பன்னிரண்டாம் வகுப்பினருடையது. இரண்டு முறை மறந்து வசமாக மாட்டிக்கொண்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். சமையல் அக்காவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. ஏ, பி, சி, டி நான்கையும் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொண்டார். இப்போது வண்டி வந்தால் வாசலிலேயே நிறுத்தி, பட்டையைப் புடைவைத் தலைப்பால் துடைத்துப் படிக்கிறார். போன மாதம் ஒரு சிலிண்டரைத் திருப்பி அனுப்பினார்.